ஓட்டு ஊர்ல இருக்குதுங்க டீச்சர்

திருப்பூரில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியை நான். அதோடு ஒட்டிக்கொண்ட இன்னொரு வேலை பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர். வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாகப் போய், பெயர் சேர்க்க, நீக்கப் படிவம் வாங்க வேண்டும். சொந்த வீட்டுக்காரர்கள் இருக்கும் தெரு என்றால் சீக்கிரம் முடிந்துவிடும். லைன் வீடுகளில்தான் கால் கடுக்கும்.

ஒரே வரிசையில் அறைகள், எல்லாருக்கும் ஒரு குழாய், பொதுக் கழிப்பறை. கட்டிங், செக்கிங், டெய்லர் என்று பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். தேனி, மதுரைப் பக்கத்து ஆட்களும் உண்டு, பீகார், ஒடிசாக்காரர்களும் உண்டு. பகலெல்லாம் பூட்டுதான், ஞாயிற்றுக்கிழமை போனால்தான் ஆளைப் பிடிக்க முடியும். பேச்சில் 'ங்க' சேருமளவுக்கு இங்கே ஊறிப்போனவர்கள்கூட, "ஓட்டு ஊர்ல இருக்குதுங்க டீச்சர்" என்பார்கள். ரேஷன் கார்டு அங்கே, அம்மா அங்கே, குலசாமி அங்கே. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் வந்து, ஓர் இடத்தில்தான் பெயர் இருக்கலாம் என்றபோதும் பலர் ஊரைத்தான் சொன்னார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் பெயர் என்கிறது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஊரில் வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவராகிவிட மாட்டார். சரி, இங்கேயே சேர்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தால் முகவரிச் சான்று வேண்டும். அதற்கு வீட்டுக்காரரிடம் போனால், "அவியளுக்கு எதுக்குங் டீச்சர் இங்க ஓட்டு? நாளைக்கு வூட்டுக்கே உரிமை கொண்டாடுவாங்கொ" என்று காபி கொடுத்து அனுப்பிவிடுவார். நல்ல மனுஷர்தான், வாடகை பாக்கிக்காக யாரையும் விரட்டியதில்லை. ஆனால் வாடகைச் சீட்டில் மட்டும் கையெழுத்துப் போட மாட்டார்.

இதனால் என்ன ஆகிறது என்றால், அந்தத் தெருவில் சாக்கடை நிரம்பி வழிந்தால் யாருக்கும் அவசரம் இல்லை. கட்சிக்காரர்கள் பட்டியலைப் பார்த்துத்தான் தெருவுக்குள் வருகிறார்கள். இத்தனைக்கும் ஓட்டை வைத்து எப்படிக் கவனிக்க வைப்பது என்று ஊருக்கே காட்டிய மண் இது. 1996இல் பக்கத்து மொடக்குறிச்சியில் விவசாயிகள் கோரிக்கையைக் கேட்க வைப்பதற்காகவே கூட்டமாக மனுத் தாக்கல் செய்து, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அவர்களிடம் நிலமும் பட்டியலில் பெயரும் இருந்தன. லைன் வீட்டில் குடியிருப்பவருக்கு இங்கே இரண்டாவதுகூட இல்லை.

2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றைக் கட்சிகளுக்குக் காட்ட அழைத்தது. வெளியூரில் இருந்தபடியே சொந்த ஊர்த் தொகுதிக்கு ஓட்டுப் போடத்தான் அது; ஒரே சாவடியில் 72 தொகுதிகளுக்கு ஓட்டுப் போடலாமாம். கட்சிகள் பலவும் எதிர்த்ததால் அது நின்றுபோனது. வந்திருந்தாலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இங்கே உட்கார்ந்து பீகார் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தெருச் சாக்கடைக்கு யார் வருவார்? பிழைக்க வந்தவருக்குப் பிரச்சினை இருக்கும் இடத்தில்தான் ஓட்டு வேண்டும்.

ஓட்டு இல்லாமலும் நுழைய ஒரு வாசல் இருப்பதை எங்கள் பள்ளியிலேயே பார்த்தேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். வாக்காளர் அட்டை யாரும் கேட்பதில்லை, பிள்ளை இங்கே படித்தால் போதும். அப்படி ஓர் ஒடிசா அம்மா உறுப்பினரானார். முதல் சில கூட்டங்களில் வாயே திறக்கவில்லை. பிறகு ஒருநாள் பாதித் தமிழில், பெண் பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை, என் மகள் நாள் பூராவும் அடக்கிக்கொண்டு வருகிறாள் என்றார். குழுவில் உறுப்பினரான கவுன்சிலரும் அன்று வந்திருந்தார். தீர்மானத்தில் அவரும் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. குழாய் வந்துவிட்டது. அன்று கூட்டம் முடிந்ததும் அந்த அம்மாவிடம் கவுன்சிலர் கேட்ட முதல் கேள்வி, "உங்க ஓட்டு எங்கீங்க இருக்குது?"