கொடைக்கானல் ஏரியின் மண்கரை

காலை ஆறரைக்கு ஏரியைச் சுற்றி நடந்தேன். கட்டிப்போட்ட பெடல் படகுகளின் இருக்கையெல்லாம் பனியில் நனைந்து கிடந்தது. "இது இயற்கையான ஏரிப்பா" என்று ஒருவர் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மனசு கேட்கவில்லை, நின்று சொல்லிவிட்டேன்.

1863-இல், மதுரையில் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் ஓடைகளை மறித்து மண்கரை போட்டுத் தேக்கிய தண்ணீர் இது. முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். (அந்தக் காலத்தில் மலைக்கு எப்படித்தான் தூக்கி வந்தார்களோ!)

பையன் கேட்டான்: "நிறைஞ்சா தண்ணி எங்க போகும் அங்கிள்?"

நீங்க வரும்போது பார்த்தீங்களே, சில்வர் கேஸ்கேட் அருவி, அங்கதான் விழும் என்றேன். கையிலிருந்த சிப்ஸ் கவரைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். தங்கப் பிள்ளை!