20 நொடிக்கு ஒரு படம்

ஜூன் 3, செவ்வாய்

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். 1 மில்லிமீட்டர் புழு. ஊசி முனையால் நடுவயிற்றைக் கீறினால் முட்டைகள் வந்து விழும். நீளம் 50 மைக்ரான், அகலம் 30. பல்குத்தும் குச்சி நுனியில் என் புருவ மயிர் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன். முட்டையை நகர்த்த அதுதான் கோல். போனில் சொன்னேன். "இதுக்கா இவ்ளோ படிச்ச?" என்றார் அம்மா.

ஒற்றைச் செல் முட்டை சும்மா இருப்பதில்லை. ஆறுகிற பாலில் ஏடு சுருங்குவது மாதிரி அதன் மேற்பரப்பு மடிகிறது, விரிகிறது. அடியில் ஆக்டின், மயோசின் என்ற புரதங்களின் வலை அங்கங்கே முடிச்சாக இறுகித் தளர்கிறது, ஏறக்குறைய அரை நிமிடத்துக்கு ஒருமுறை. விந்தணு கொண்டுவந்த சென்ட்ரோசோம் (செல்லுக்குள் இழைகள் கிளம்பும் மையம்) ஒட்டிய முனை மட்டும் முதலில் அடங்கிவிடும். அது வால் பக்கம். தலைப் பக்கத்தில் சுருக்கம் தொடரும். பிறகு இடுப்பில் ஒரு பள்ளம் விழும். இதோ பிளக்கப்போகிறது என்று நினைப்போம். அப்படியே மறைந்துவிடும், பொய்ப் பள்ளம்!

ஜூன் 5, வியாழன்

நாள் முழுக்க வீண். கேமராவில் முந்தைய பரிசோதனையின் கணக்கை மாற்ற மறந்துவிட்டேன்: 20 நொடிக்கு ஒரு படம். ஓட்டிப் பார்த்தால் கதிர்கோல், அதாவது குரோமோசோம்களைப் பிரிக்கும் இழைக்கட்டு, அசையவே இல்லை. நிஜத்தில் அது ஊசலாடும், ஓர் ஆட்டத்துக்கு 20 நொடி சொச்சம். ஒவ்வொரு படத்திலும் கிட்டத்தட்ட அதே இடத்தில் சிக்கியிருக்கிறது. சினிமாவில் வண்டிச் சக்கரம் நிற்கிற மாதிரி தெரியுமே, அதே கூத்து.

ஜூன் 6, வெள்ளி

அரை நொடிக்கு ஒரு படம். குரோமோசோம்கள் பிரியத் தொடங்கியதும் வால் பக்க முனை மேலும் கீழும் வீசி ஆடியது. ஏழெட்டு ஆட்டம் எண்ணினேன். தலைப் பக்க முனை அவ்வளவாக ஆடவில்லை. செல்லின் ஓரத்தில் நிற்கும் டைனீன் என்ற மோட்டார் புரதங்கள் கதிர்கோல் முனையிலிருந்து நீளும் இழைகளை, நுண்குழல்களை, பிடித்து இழுக்கின்றன. ஒரு பக்கம் இழுவை ஓங்கும்போது எதிர்ப்பக்கம் பிடி நழுவும், பிறகு அது ஓங்கும். வால் பக்கத்தில் இழுவை அதிகம் என்பதால் கதிர்கோல் அந்தப் பக்கமே நகர்ந்துவிடுகிறது. வெட்டு நடுவில் விழாது. முன்னால் பெரிய செல், பெயர் ஏபி; பின்னால் சிறிய செல், பி1. ஏபி அடுத்த பிளவுக்கு இரண்டு நிமிடம் முந்திக்கொள்ளும்.

ஜூன் 9, திங்கள்

சனி, ஞாயிறில் ஏசி படுத்துவிட்டது. அறை 27 டிகிரி, முட்டைகள் அவசர அவசரமாகப் பிளக்கின்றன. 20 டிகிரியில் எடுத்ததோடு சேர்க்க முடியாது.

மெக்கானிக் வரும்வரை இந்தப் புழுக் கருவின் செல் பிளவுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்த ஜான் சல்ஸ்டன் குழுவின் 1983 கட்டுரையைப் புரட்டினேன். 671 செல்கள் பிறந்து, 113 செத்து, 558 செல்களோடு புழு பொரிகிறது. ஒன்றரை வருடம், தினமும் நான்கு நான்கு மணி நேரமாக இரண்டு அமர்வு, கண்ணை லென்ஸில் வைத்தே பார்த்திருக்கிறார் மனுஷன். கண்ணுக்கு ஏது 20 நொடி இடைவெளி?

மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாராம்.