தெருவுல நின்னு கூப்பிடுற ஞானம் (கோத்தகிரி நாட்குறிப்பு)

நவம்பர் 4, திங்கள்

வர்ற ஞாயிறு எங்க சர்ச் பெண்கள் ஐக்கிய சங்கத்துல நான்தான் பேசணும், தலைப்பு பைபிள்ல நீதிமொழிகள் புத்தகத்துல வர்ற ஞானம். பாத்திரமெல்லாம் கழுவி வச்சிட்டு 1, 8, 9 மூணு அதிகாரத்தையும் ஒரே மூச்சுல படிச்சேன். ஞானம் இங்க ஒரு பொம்பளையா வர்றா, அதுவும் ஆலயத்துக்குள்ள உக்காந்துட்டு இல்ல, தெருவுல, பாதைங்க கூடுற இடத்துல, பட்டண வாசல்ல நின்னு தொண்டை கிழிய கூப்பிடுறா. அந்தக் காலத்துல வழக்கு பேசுறது எல்லாம் வாசல்லதான், பைபிள்ல ரூத் கதையில போவாஸ், விதவையான ரூத்தை கல்யாணம் பண்ண மூப்பர்கள்கிட்ட பேசி முடிச்சதும் அங்கதான். பெரிய மனுஷங்க உக்காந்திருக்கிற இடத்துல ஒரு பொம்பள குரல் உசத்தி பேசுறா, அவளை யாரும் வாயை மூடுன்னு சொன்னதா எழுதல.

நவம்பர் 5, செவ்வாய்

சாயங்காலம் ஜான்ஸ்டன் ஸ்கொயர் பக்கம் ஒரே மழை. பிளாஸ்டிக் ஷீட்டை தலையில போட்டுக்கிட்டு ஒரு அக்கா கேரட்டை கூறு கட்டி வித்துட்டிருந்தாங்க, பஸ் ஹாரனுக்கு மேல அவங்க குரல் கேக்குது, திரும்பிப் பாக்காம போறவங்களையும் விடாம கூப்பிடுறாங்க. எனக்கு உடனே 1ம் அதிகாரம்தான். அங்க ஞானம் கூப்பிட்டு கூப்பிட்டு ஓஞ்சு போய் கடைசில உங்க ஆபத்துல நான் சிரிப்பேன்னு சொல்றா. இது கஷ்டமான வசனம், மனசுக்கு ஒப்பல, ஆனா ஞாயித்துக்கிழமை இதை விட்டுட்டு பேசக்கூடாது. கொஞ்சம் கீழ 31ம் வசனத்துல அவங்கவங்க வழியோட பலனை அவங்கவங்க சாப்பிடுவாங்கன்னு வருது, அதையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

நவம்பர் 8, வெள்ளி

9ம் அதிகாரத்துல ரெண்டு பொம்பளைங்க, ஒருத்தி ஞானம், இன்னொருத்தி மதியற்றவ. ரெண்டு பேரும் ஊர்ல உசந்த இடத்துலேர்ந்து ஒரே வார்த்தையைத்தான் சொல்றாங்க, பேதையா இருக்கிறவன் இங்க வரட்டும்னு (4, 16 ரெண்டு வசனத்தையும் பக்கத்துல வச்சு பாருங்க). குரலை மட்டும் வச்சு யார் யாருன்னு கண்டுபிடிக்கவே முடியாது. அப்போ எதை வச்சு? நான் சொல்றது வேலையை வச்சு. ஞானம் வீடு கட்டியிருக்கா, ஏழு தூண் செதுக்கியிருக்கா, ஆடு மாடு அடிச்சு சமைச்சு திராட்சரசம் கலந்து பந்தி விரிச்சு அதுக்கப்புறம்தான் பணிப்பெண்களை அனுப்பி கூப்பிடுறா. மதியற்றவ வாசப்படில நாற்காலி போட்டு உக்காந்திருக்கா, அவ்வளவுதான், அடுப்பே பத்த வைக்கல, அவ பந்தில இருக்கிறது திருட்டுத் தண்ணியும் ஒளிச்சு வச்சு திங்கிற அப்பமும். இத்தனை பேர் தேயிலை பறிச்சு கை கருத்துப் போய் வர்ற சங்கத்துல இதைத்தான் அழுத்தி சொல்லணும்னு முடிவு பண்ணிட்டேன்.

நவம்பர் 9, சனி

பக்கத்து வீட்டு மேரி அக்கா அவங்க கத்தோலிக்க பைபிளைக் குடுத்தாங்க. சீராக் 24ல ஞானமே தன் கதையை சொல்றா, வானத்துல இருந்தவ இளைப்பாற இடம் தேடி அலைஞ்சு கடைசில இஸ்ரவேல்ல கூடாரம் போடுறா. நம்ம பைபிள்ல இந்தப் புத்தகம் கிடையாது, இருந்தாலும் படிக்க அவ்வளவு நல்லா இருந்துச்சு.

நவம்பர் 10, ஞாயிறு

பேசிட்டேன். 8ம் அதிகாரம் 30ம் வசனத்துல, படைப்பு நேரத்துல கர்த்தர் பக்கத்துல ஞானம் ‘செல்லப்பிள்ளையாயிருந்தேன்’னு சொல்றதை வாசிச்சப்போ பின்னாடி வரிசைல இருந்த ஒரு பாட்டி, அப்போ இவ இயேசுவா, வேற ஆளான்னு கேட்டாங்க. சரியான கேள்வி, 4ம் நூற்றாண்டுல, இயேசு படைக்கப்பட்டவர்தான்னு சொன்ன ஆரியுங்கிற சபைப் போதகரோட நடந்த சண்டைல இதே அதிகாரத்தோட 22ம் வசனத்தை வச்சுத்தான் ரெண்டு பக்கமும் மோதிக்கிட்டாங்க. 1 கொரிந்தியர் 1:24ல பவுல் கிறிஸ்துவை தேவஞானம்னு சொல்றதை காட்டினேன், ஆனா நீதிமொழிகள் எழுதினவர் முதல்ல தன் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஞானத்தை ஒரு பொம்பளையா நிறுத்தி காட்டுறார், அதையும் அப்படியே ஏத்துக்கணும் பாட்டின்னு சொன்னேன். அவங்க முழுசா சம்மதிக்கல. அடுத்த தடவை நீதிமொழிகள் 31ம் அதிகாரம் எடுக்கலாம்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, லேமுவேல் ராஜாவுக்கு அவங்க அம்மா சொல்லிக் குடுத்த அதிகாரம், அதை வாசிக்கிறேன்னு அந்தப் பாட்டியே பேர் குடுத்திருக்காங்க.