வெட்டிப்போட்ட காகிதப்பூத் தூரில் ஒரு போன்சாய்

காம்பவுண்டுச் சுவரை இடித்துக் கட்டும்போது முதலில் பலியாவது காகிதப்பூச் செடிதான். முள் குத்துகிறது, தெருப்பக்கம் படர்கிறது என்று வெட்டிவிடுவார்கள். தொட்டியில் மரத்தைக் குட்டையாக வளர்க்கும் போன்சாய்க்கு அந்தத் தூர் பொக்கிஷம். அவ்வளவு பருமனைத் தொட்டியில் வளர்த்தெடுக்கப் பல வருடம் பிடிக்கும்.

தோண்ட ஏற்றது மாசி, பங்குனி. அடைமழையில் எடுத்தால் வெட்டுவாய் காயாமல் அழுகும். கிளைகளைக் கழித்து, தண்டை ஒன்றரை அடிக்கு அறுத்தேன். மழைநீர் வழிந்தோட வெட்டு சாய்வாக இருக்கட்டும்; அதன்மேல் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசினேன். பிறகு தூரிலிருந்து ஓரடி தள்ளிக் கடப்பாரை போட்டு மண்ணை இளக்க வேண்டும். தண்டைப் பிடித்து ஆட்டி இழுக்கவே கூடாது. காகிதப்பூ வேர் தடியாகத் தெரிந்தாலும் தூரோடு சேருமிடத்தில் எளிதாக முறியும். தடி வேர்களை ரம்பத்தால் அறுத்து, சல்லிவேர்களை முடிந்தவரை காப்பாற்றினேன்.

கலவை: சலித்த ஆற்று மணல் 2 பங்கு, சுண்டைக்காய் அளவுக்கு உடைத்த செங்கல் 2 பங்கு, செம்மண் 1 பங்கு. இப்போதைக்கு உரம் வேண்டாம். தூரைத் தொட்டியோடு கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். அசைந்தால் புதுவேர் அறுந்துபோகும்.

நிழலில் வைத்தால் சில வாரங்களில் துளிர் வரும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தத் துளிர் தண்டில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தில் வருவது; வேர் இல்லாமலே வரும். உடனே வெயிலில் வைத்தால் அப்படியே கருகும். துளிர் நீண்டு, அடிப்பகுதி பழுப்பேறி, தொட்டித் துளையில் வெள்ளை வேர்நுனி எட்டிப் பார்த்த பிறகுதான் மெல்ல மெல்ல வெயில், அப்புறம் உரம்.

கிளைக்கு வளைவு கொடுக்கவும் அந்தப் பருவமே சரி. முற்றிய காகிதப்பூக் கிளை வளையாது, ஒடியும். பாதி பச்சையாக இருக்கும்போதே 2 மி.மீ. அலுமினியக் கம்பியை 45 டிகிரி சாய்வில் சுற்றி வளைத்துவிடுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து கம்பியைக் கவனியுங்கள். பட்டையில் பதியத் தொடங்கினால் சுற்றைப் பிரிக்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். பட்டுப்போன கட்டைகளை விட்டுவைக்க வேண்டாம். இதன் மரம் மென்மையானது, தண்ணீர் தேங்கினால் உளுத்து உள்ளே இறங்கும். உயிருள்ள மரம் தெரியும்வரை செதுக்குவதே நல்லது.

கிளை அமைப்பு நிலைத்த பிறகே ஆழம் குறைந்த தட்டுக்கு மாற்றுவேன். பூக்க நேரடி வெயில் நாளுக்கு 6 மணி நேரமாவது வேண்டும். இலை லேசாகத் துவளும்வரை தண்ணீரை நிறுத்தி, பிறகு ஊற்றினால் மொட்டு வரும். பூ புதுத்தளிரில்தான் வருவதால், கவாத்தைப் பூ உதிர்ந்தவுடனே முடித்துவிடுங்கள்.