கட்டங்களை எண்ணும் கணக்கு: நிரை நிரையாக இறங்குங்கள்

ஐ.ஓ.க்யூ.எம். (இந்தியக் கணித ஒலிம்பியாடுக்கான தகுதித் தேர்வு) மாதிரியான தேர்வுக்குப் படிக்கிறவர்கள் சேர்ப்பியலில், அதாவது எத்தனை வழி என்று எண்ணும் கணிதத்தில், தள்ளிப்போடும் கணக்கு ஒன்று உண்டு. 3×3 கட்டத்தில் 0, 1 நிரப்ப வேண்டும். எந்த நிரையிலும் நிரலிலும் இரண்டு 1 அடுத்தடுத்து வரக்கூடாது. எத்தனை வழி?

ஒன்பது கட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் தலைதான் சுற்றும். ஒரே ஒரு நிரையை எடுங்கள். அதற்கு ஐந்து வடிவம்தான்: 000, 001, 010, 100, 101. கீழே வரும் நிரை எதுவானாலும், மேலே 1 இருக்கும் இடத்தில் 0 வைக்க வேண்டும், அவ்வளவுதான். 000-க்கு மேலே ஐந்தும் வரலாம், 001-க்கு மூன்று, 010-க்கு நான்கு, 100-க்கு மூன்று, 101-க்கு இரண்டு. ஆக, இரண்டு நிரைக்கு 17 வழி. மூன்றாவது நிரையில் 101 வேண்டுமென்றால் அதற்கு மேலே 000 அல்லது 010 இருக்கணும்; 5+4=9. இதேபோல் 000, 001, 010, 100-க்கு முறையே 17, 12, 13, 12. கூட்டினால் 63. 001-உம் 100-உம் கண்ணாடி பிம்பங்கள் என்பதால் ஒன்றைப் போட்டால் போதும்.

சரிபார்க்க ஒரு வழி: இரண்டு நிரை உள்ள கட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். இரண்டு நிரல், மூன்று நிரை என்று எண்ணினால், ஒவ்வொரு நிரையாகச் சேர்க்கும்போது 3, 7, 17 என்று வரும். அதே 17 வந்ததா, எதற்கு மேலே எது வரலாம் என்ற இணைப்புகளில் பிழை இருக்க வாய்ப்பு குறைவு. தேர்வு அறையில் இதற்கு ஒரு நிமிடம் செலவழிக்கலாம், தப்பில்லை.

4×4-க்கு எட்டு வடிவங்கள். விடை 1234, யாரோ வேண்டுமென்றே வைத்தது போல! வீட்டில் போட்டுப் பாருங்கள். 8×8-க்கு நிரை வடிவமே 55 ஆகிவிடும், அது கணினியின் வேலை. n×n-க்குப் பொதுச் சூத்திரம் இதுவரை யாரிடமும் இல்லை, அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் இதே முறை சரிப்படாது. ‘எந்த நிரையும் நிரலும் மூன்றும் ஒரே எண்ணாக இருக்கக்கூடாது’ என்று கேட்டால், மேலே உள்ள இரண்டு நிரைகளையும் நினைவில் வைக்கணும். அங்கே சேர்த்து நீக்கும் முறைதான் சுருக்கம். ஒரு நிரைக்கு 000, 111 நீங்கலாக 8−2=6 வடிவம்; நிரைகள் மட்டும் சரியாக இருந்தால் 6×6×6=216. இதில் ஒரு நிரல் ஒரே எண்ணாக அமைவதைக் கழித்து (3×54=162), இரண்டு நிரல் அப்படி அமைவது இருமுறை கழிந்ததால் அதைக் கூட்டி (3×18=54), மூன்றும் அப்படி அமைவதைக் கழித்தால் (6), 216−162+54−6=102. ஐ.ஓ.க்யூ.எம். விடை இரண்டு இலக்கத்துக்குள் இருக்கணும் என்பதால், அங்கே இதை அப்படியே கேட்க முடியாது; ஏதாவது எண்ணால் வகுத்த மீதி என்பது போல மாற்றித்தான் கேட்க முடியும். கேள்வியின் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள்.