உயில் பதிவேட்டைக் கேளுங்கள்

என் மாமியாருக்கு 76 வயது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண். தன் கொள்ளுத்தாத்தா யாரிடம் அடிமையாக இருந்தார் என்று தெரிந்துகொள்வது அவருடைய நெடுநாள் ஆசை. மருமகள் நான் தேடித் தருகிறேன் என்று கிளம்பினேன். 14 மாதம் ஆனது, அதில் பாதி வீண். இதே தேடலில் இருப்பவர்களுக்கு அந்தப் பாதியாவது மிஞ்சட்டும் என்று எழுதுகிறேன்.

1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கொள்ளுத்தாத்தா பத்தே நிமிடத்தில் கிடைத்துவிட்டார்: 24 வயது, பண்ணைக் கூலி. அதற்கு முன்னால் சுவர்தான். 1850, 1860 இரண்டிலும் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் எடுத்திருக்கிறார்கள். எஜமானின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். அடிமைகளின் பெயர் கிட்டத்தட்ட எங்குமே கிடையாது. 1860இல் அடிமைக் குடிசைகள் எத்தனை என்றுகூட எண்ணியிருக்கிறார்கள். உள்ளே இருந்தவரின் பெயரை மட்டும் கேட்கவில்லை.

இங்கேதான் பெரிய தப்பு செய்தேன். எங்கள் குடும்பப் பெயரே எஜமானின் பெயராகவும் இருக்கும் என்று நம்பி மூன்று மாதம் அலைந்தேன். விடுதலையானவர்கள் எல்லோரும் கடைசி எஜமானின் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. முந்தைய எஜமானின் பெயர், அப்பாவின் பெயர், தாங்களே விரும்பி வைத்துக்கொண்ட பெயர் என்று பலவிதம்.

முடிச்சை அவிழ்த்தது ஃப்ரீட்மென்ஸ் வங்கி. விடுதலை பெற்றவர்களுக்காக 1865இல் தொடங்கி 1874இல் மூழ்கிப்போன வங்கி அது. கணக்குத் தொடங்க வந்தவரிடம் பெற்றோர், உடன்பிறந்தவர்கள் பெயரைக் கேட்டு எழுதுவார்கள். சில படிவங்களில் பழைய எஜமான் யார் என்றும் இருக்கும். வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்ட் கிளையில் கொள்ளுத்தாத்தாவுடைய அக்காவின் கணக்கு இருந்தது. தம்பி பெயர், எஜமான் பெயர் இரண்டும் அதில் இருந்தன.

அந்தப் பெயரோடு மூன்று மணி நேரம் கார் ஓட்டி ஒரு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்றத்துக்குப் போனோம். "அடிமைகள் பற்றிய காகிதம்" என்று சொன்னதுமே கவுன்டரில் இருந்தவர், "அதெல்லாம் உள்நாட்டுப் போரில் எரிந்துபோயிற்று" என்றார். எழுந்துகூடப் பார்க்கவில்லை. மாமியார் ஒன்றும் பேசாமல் காருக்கு நடந்தார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று ரிச்மண்டுக்கு அனுப்பிய பல கவுண்டிகளின் பதிவேடுகள் 1865 ஏப்ரல் தீயில் அழிந்தது உண்மைதான். இந்தக் கவுண்டி எதையும் அனுப்பவே இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

தயவுசெய்து அடிமைக் காகிதம் என்று கேட்காதீர்கள். எஜமான் பெயரைச் சொல்லி உயில் பதிவேட்டையும் சொத்து மதிப்புப் பட்டியலையும் கேளுங்கள். மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தார்கள், அதனால் சொத்துக் காகிதத்தில்தான் இருக்கிறார்கள். இரண்டாம் முறை அப்படிக் கேட்டோம். ஐந்து நிமிடத்தில் புத்தகம் மேசைக்கு வந்தது.

1852இல் எஜமான் இறந்தபோது எடுத்த பட்டியல். ஒரு குதிரை, 80 டாலர். இரண்டு கலப்பை. அடுத்த வரியில் கொள்ளுத்தாத்தாவின் பெயர், ஆறு வயது, 250 டாலர். மாமியார் அந்த வரியில் வைத்த விரலை வெகுநேரம் எடுக்கவில்லை.

அப்புறம் இன்னொன்றும் கிடைத்தது. 1834ஆம் ஆண்டு உயில் ஒன்றில் எஜமானின் அப்பா ஒரே ஒரு பெண்ணை விடுதலை செய்திருக்கிறார். கொள்ளுத்தாத்தாவின் அக்காவுக்கும் அதே பெயர்தான், அதனால் இவர் அவர்களுடைய பாட்டியாக இருக்கலாம் என்று நினைக்கிறோம். வர்ஜீனியாவின் 1806 சட்டப்படி, விடுதலையானவர் 12 மாதத்துக்குள் மாநிலத்தை விட்டுப் போயாக வேண்டும். தங்கினால் மறுபடி அடிமையாக்கலாம். அப்படியானால் வடக்கே போயிருப்பாரோ? பென்சில்வேனியாவின் புதிய அரசியல் சட்டம் 1838இல் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்தது. அதை எதிர்த்து நின்ற பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கம், பிலடெல்பியாவில் வீடு வீடாகப் போய்க் கறுப்பினக் குடும்பத் தலைவர்களின் பெயர், தொழில், விடுதலைக்குக் கொடுத்த தொகை எல்லாம் எழுதி வைத்தது. அந்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன. எழுதியவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அந்த ஏடுகளை வைத்திருப்பவர்களுக்குக் கடிதம் போட்டுக் கேட்டேன். அதே பெயரில் சலவைத் தொழில் செய்த ஒரு பெண் இருக்கிறார் என்று போன வாரம் பதில் வந்தது. அவர்தானா என்று சொல்ல முடியாது. மாமியார் ரயில் டிக்கெட் போட்டுவிட்டார்.