இடது காது

2024 நவம்பர் 18, திங்கள்

இரவுத் தடை நேரம் முடிந்து, காலை ஆறு மணிக்கு முதல் விமானம் சிட்னியின் மேரிக்வில் கூரைகளுக்கு மேலே போயிற்று. வலது காதில் மட்டும் கேட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, ஐந்தாம் நாள். தூக்கம் வரவில்லை. காது அடைத்த மூன்றாம் நாளே வந்தது நல்லதாயிற்று என்று மருத்துவர் சொன்னதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். கணினியில் ஒரு சுருதியை ஓடவிட்டு மெல்ல மெல்ல மேலே ஏற்றிப் பார்த்தேன். 4,000 ஹெர்ட்ஸை நெருங்கியபோது அது இடது காதுக்குள் இருக்கும் ஒலியோடு கலந்து காணாமற்போயிற்று. படப்பிடிப்பு நடக்கும் வீட்டில் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் என்றால் ஃபில்டர் போட்டுக் குறைக்கலாம். குளிர்சாதனப் பெட்டி என்றால் சுவிட்சை அணைத்துவிட்டு, மீண்டும் போட மறந்து அந்த வீட்டுக்காரரின் பாலும் இறைச்சியும் கெட்டுப்போகாமலிருக்க வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடலாம்; சாவியை எடுக்காமல் கிளம்ப முடியாதே. இதற்கு எந்தச் சுவிட்சும் அகப்படவில்லை.

நவம்பர் 21, வியாழன்

படப்பிடிப்பில் ஒலிப்பதிவை நடத்தும் என் மிக்சர் அழைத்தார். சனவரியில் ஆறு வாரப் படம், பெரும்பகுதி வெளிப்புறம், பூம், அதாவது நடிகரின் தலைக்கு மேலே மைக்கைத் தாங்கும் நீண்ட கம்பம், பிடிக்க வர முடியுமா என்றார். ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். பதினொரு ஆண்டுகளில் அவரிடம் அவகாசம் கேட்டது இதுவே முதல் முறை. எங்களைப் போல் படத்துக்குப் படம் ஒப்பந்தத்தில் போகிறவர்களுக்கு மருத்துவ விடுப்பு கிடையாது. அந்த ஒப்பந்தமும் ஒருவர் இன்னொருவரின் பெயரைச் சொல்வதால்தான் வருகிறது. காதைப் பற்றிச் சொன்னால் என் பெயர் அந்தப் பேச்சிலிருந்து விழுந்துவிடும். சொல்லாமல் போனால் அவருடைய ஒலிப்பதிவுக்குத் துரோகம் செய்தவனாவேன். நடிகர் முகத்தைத் திருப்பி, வாய்க்கு நேராக இருந்த மைக் விலகிவிட்டால், முதலில் மங்குவது உயிரொலி அல்ல. எஸ், டி, எஃப் போன்ற ஒலிகளின் கூர்மைதான். அந்தக் கூர்மை குடியிருப்பது 4,000 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும். அதைக் கேட்டுத்தான் என் மணிக்கட்டு தானாகத் திரும்பும்.

நவம்பர் 22, வெள்ளி

சில்வண்டுகள் தொடங்கிவிட்டன. அல்லது தொடங்கவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

தொடங்கிவிட்டன. உறுதி செய்துகொள்வதற்காகவே வாலி கிரீக் காட்டுக்குப் போய் ஒரு மரத்தடியில் நின்று, இடது காதை உள்ளங்கையால் பொத்தினேன், பிறகு வலதை. பச்சை நிறச் சில்வண்டு, இங்கே கிரீன்குரோசர் என்பார்கள், அது கத்துவதும் ஏறக்குறைய 4,300 ஹெர்ட்ஸில்தான். எத்தனை கோடைகளில் இதைச் சபித்திருக்கிறோம்! உதவி இயக்குநர்கள் மரத்தின் மேல் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது விடாமல் கத்துவதைவிட, ஒரு டேக்கில் கத்தி அடுத்த டேக்கில் நின்றுவிடுவதுதான் பெரிய தொல்லை. இரண்டையும் ஒட்டினால் வசனத்தின் நடுவே காடே அறுந்துவிடும். அதனால்தான் காட்சி முடிந்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி அந்த இடத்தின் ஒலியைத் தனியே எடுத்து வைக்கிறோம். இன்று நானும் அப்படித்தான் நின்றேன். வலது காதைப் பொத்தியபோது பூச்சி எது, நோய் எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

திரை ஒலிக் கலைஞர்களின் சங்கமான ஸ்கிரீன் சவுண்ட் கில்ட் நண்பர்கள் சிலர் மதுக்கூடத்தில் கூடினோம். எல்லாரும் என் வலப்பக்கம் இருக்கும்படி சுவரோரம் உட்கார்ந்தேன். பேச்சு 2016 பிப்ரவரி 29-க்குப் போயிற்று. அன்று ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்’ ஒலிக்கான இரண்டு ஆஸ்கர்களையும் வென்று, பென் ஆஸ்மோவும் டேவிட் வைட்டும் மேடையேறியதை இங்கே நாங்கள் திங்கட்கிழமைப் பகலில் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். எனக்கு அதற்கு முந்தைய ஆண்டு நினைவுக்கு வந்தது. 2015 சனவரி 1 முதல் 694-இலிருந்து 820 மெகாஹெர்ட்ஸ் வரை கம்பியில்லா மைக் பயன்படுத்தக் கூடாது என்றானபோது, நான் கடன் வாங்கி வாங்கிய கருவிகள் ஒரே இரவில் பயனற்றுப்போயின. என் மிக்சர் தன்னிடமிருந்த இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை எட்டு மாதம் வாடகை கேட்காமல் தந்தார். அவரிடமா மறைக்கிறேன்?

எதிரே இருந்த மூத்த ரீ-ரெக்கார்டிங் மிக்சர், படத்தின் எல்லா ஒலிகளையும் இறுதியாகக் கலப்பவர், யார் பேசினாலும் என்னைப் போலவே தலையைச் சற்றுத் திருப்பிக் கேட்டார். என்னைப் பார்த்தார். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 28, வியாழன்

என் மிக்சரிடம் சொல்லிவிட்டேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். “எந்தக் காது?” என்றார். இடது என்றேன். “ஹெட்ஃபோனில் வலப்பக்கம் உன் மைக்கை மட்டும் அனுப்பிப் பார்ப்போம். சனிக்கிழமை கம்பத்தோடு வீட்டுக்கு வா” என்றார்.

நவம்பர் 30, சனி

அவருடைய கொல்லையில் அவர் மகள் நடந்துகொண்டே நாளிதழை வாசித்தாள். நினைத்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பினாள். இருபது திருப்பங்களில் நான்கைத் தவறவிட்டேன். முன்பு எத்தனை தவறவிட்டிருப்பேன் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது, யாரும் எண்ணியதில்லை. அவர் எண்ணிக்கையைத் தாளில் குறித்துக்கொண்டு, தேநீர் போடப் போனார்.

டிசம்பர் 2, திங்கள்

இரண்டாவது ஆடியோகிராம், அதாவது செவித்திறன் சோதனை, நாளை காலை 9.40-க்கு. குளிர்சாதனப் பெட்டியை அணைத்துவிட்டு, இருட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாவி உள்ளே இருக்கிறது.